பூனையின் புழுவும் மனிதனின் புழுவும்



கிள்ளானிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். கப்பார் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். இப்போது தாமான் வீட்டில் குடியிருக்கிறார். அவருடைய எட்டு வயது மகள், பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில், கால்வாய் ஓரத்தில் கத்திக்கொண்டிருந்த பூனைக்குட்டி ஒன்றைத் தூக்கி வந்துவிட்டாளாம். மாமியார் ஒரே பிடியாக நிற்கிறாராம். "பூனை வச்ச வீட்டுக்கு யானைக்கால் வரும். அந்தக் காலத்துல தோட்டத்து டிரெஸ்ஸரே சொல்லியிருக்காரு. கொண்டு போய் விட்டுட்டு வாங்க!" சிறுமி சோறு உண்ணாமல் அழுகிறாள். "ஐயா, நான் மகள் பேச்சைக் கேட்பதா, மாமியார் பேச்சைக் கேட்பதா? பூனையால் யானைக்கால் வருமா, வராதா? ஒரே வார்த்தையில் பதில் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறார்.

கடிதத்தின் ஓரத்தில், இடம் போதாமல் குறுக்காக இன்னும் இரண்டு வரி எழுதியிருந்தார். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒரே வார்த்தையில் பதில் எழுதத்தான் நானும் பேனாவை எடுத்தேன். முடியவில்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடிக் கோலாலம்பூரில் ஆராய்ச்சியாளர்கள் பல ஆண்டுகள் மைக்ரோஸ்கோப்பின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். விடையும் ஒருமுறை மாறியிருக்கிறது. அது ஒருபுறம் இருக்க, இந்தப் பூனைக் கதை என் வீட்டுக் கதையும்கூட.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் லயத்தில் அத்தையும் எங்களோடு இருந்தார். அப்பாவின் அக்காள். பால்மரம் வெட்டுபவர். எங்கள் லயத்துக்குப் பின்னால் சதுப்புக் காடு. அத்தைக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே வீங்கியிருக்கும். ஆண்டுக்கு மூன்று நான்கு தடவை குளிர்க்காய்ச்சல் வரும். தொடை இடுக்கில் நெறி கட்டும். காய்ச்சல் போகும், வீக்கம் மட்டும் போகாது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடும். சேலையைத் தரையில் புரள விட்டுக் கட்டிக்கொண்டு அத்தை அந்தக் காலை மறைப்பார். கல்யாண வீடு என்றால் போக மாட்டார்.

ஒரு நாள் பெரட்டில் ஓர் அறிவிப்பு வந்தது. இரவு பத்து மணிக்கு மேல் ஆஸ்பத்திரிக்காரர்கள் லயத்துக்கு வந்து எல்லாருக்கும் விரலில் ரத்தம் எடுப்பார்களாம். ராத்திரியில் ஏன் ரத்தம்? ஒருவருக்கும் விளங்கவில்லை. பிள்ளைகளை எழுப்பித் தூக்கக் கலக்கத்தோடு வரிசையில் நிறுத்தினார்கள். அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் கண்ணாடித் துண்டில் ரத்தம் தடவினார்கள். பிறகு சிலருக்கு மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை தின்றவர்களுக்கு மறுநாளே காய்ச்சல் அடித்தது. உள்ளே புழு சாவதால் வரும் காய்ச்சல் அது. அதை யாரும் எங்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை. அடுத்த மாத்திரை பெரும்பாலும் வாழைக் கன்றுகளுக்கடியில் போயிற்று.

அந்தச் சமயத்தில்தான் "பூனை உடம்பிலும் இந்தப் புழு இருக்கிறதாம்" என்று ஒரு பேச்சு கிளம்பியது. யார் சொன்னது, எப்படிச் சொன்னது, தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் லயத்துப் பூனைகள் அத்தனையையும் சாக்கில் கட்டி ஆற்றுக்கு அக்கரையில் கொண்டு போய் விட்டார்கள். அத்தை வளர்த்த செவலைப் பூனையும் அந்தச் சாக்கில் போயிற்று. இரண்டு மாதத்தில் எலி பெருகி, அரிசி மூட்டையை எல்லாம் கடித்து வைத்தது. அத்தையின் கால் அப்படியேதான் இருந்தது.

இப்போது விஷயத்துக்கு வருவோம்.

யானைக்கால் நோய்க்குக் காரணம் நூல் போன்ற ஓர் உருண்டைப் புழு. நம் வயிற்றில் இருக்கும் நாக்குப்பூச்சி, கொக்கிப் புழு எல்லாம் அதற்குத் தூரத்து உறவு. ஆனால் இது வயிற்றில் இருப்பதில்லை. உடம்பில் ரத்தக் குழாய்கள் ஓடுவது போல, நிணநீர் என்ற தெளிந்த நீர் ஓடும் மெல்லிய குழாய்களும் உண்டு. அதற்குள்தான் இது குடியிருக்கும். பெண் புழு ஐந்து சென்டிமீட்டர் நீளம் இருக்கலாம், பருமன் தையல் நூல் அளவுதான். அது ஈனும் குஞ்சுகள் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு நீளம். இவை ரத்தத்தில் மிதந்து வரும். பகலில் நுரையீரல் பக்கம் ஒதுங்கிக்கொண்டு, கொசு கடிக்கும் இரவு நேரத்தில் தோலுக்கு அருகே ஓடுகிற ரத்தத்துக்கு வரும். எங்களை ராத்திரியில் எழுப்பியதற்குக் காரணம் இதுதான்.

கொசு ரத்தம் குடிக்கும்போது குஞ்சும் உள்ளே போகும். கொசுவின் உடம்பில் ஒன்றிரண்டு வாரம் வளர்ந்து, அது இன்னொருவரைக் கடிக்கும்போது இறங்கிவிடும். பெரிய புழு நிணநீர்க் குழாயை அடைத்துக் கெடுத்துவிட்டால், நீர் வடிய வழியில்லாமல் கால் வீங்கும்.

கும்பகோணம், தஞ்சாவூர்ப் பக்கத்தில் நம் பாட்டன்மார் பார்த்த யானைக்காலை உண்டாக்கும் புழு வேறு. அதைச் சாக்கடைக் கொசு பரப்புகிறது. இங்கே மலாய்க்காரர்கள் 'உந்துட்' என்று சொல்லும் நோய்க்குப் பெரும்பாலும் காரணம் புருகியா மலாயி என்ற புழு. 1927ல் புருக் என்ற டச்சு மருத்துவர் இது தனி இனம் என்று எழுதினார். அவர் பெயரும் இந்த மண்ணின் பெயரும் சேர்ந்ததுதான் புழுவின் பெயர். கேரளத்துச் சேர்த்தலையிலும் இதே புழு உண்டு.

இதைப் பரப்பும் மான்சோனியா கொசு பொல்லாதது. தோட்டத்து வாய்க்கால்களில் மலேரியா எண்ணெய் தெளித்ததை மூத்தவர்கள் அறிவார்கள். கொசுக் குஞ்சு மூச்சு விட நீர் மட்டத்துக்கு வரும், எண்ணெய் படலம் அதைத் திணறடித்துக் கொல்லும். மான்சோனியாக் குஞ்சு மேலே வருவதே இல்லை! தண்ணீருக்கு அடியில் செடியின் வேரைத் துளைத்து, வேருக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சிக்கொள்ளும். எண்ணெய் அதை என்ன செய்யும்? கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் இந்தக் கொசுவின் வாழ்க்கையை அலசி ஆராய்ந்து வார்ட்டன் என்பவர் 1962ல் ஒரு முழு நூலே வெளியிட்டார்.

அந்தக் கழகத்தை ஐ.எம்.ஆர். என்று சொன்னால்தான் பலருக்குத் தெரியும். 1900ல் தொடங்கியது. ஜாலான் பகாங்கில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் பல காலம் இருந்தது. மலேரியா, பெரிபெரி என்று தோட்டத்து மக்களை வாட்டிய நோய்களுக்கும் அதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

பூனை விவகாரம் அங்கேதான் தொடங்குகிறது. மனிதனுக்கு யானைக்கால் தரும் புழு விலங்குகளிடமும் இருக்கிறதா என்று 1950களில் தேடினார்கள். இருந்தது! இலை தின்னும் குரங்குகளிடம், பூனைகளிடம் எல்லாம் புழு கிடைத்தது. அதோடு ஒரு சிக்கலும் கிடைத்தது. 1956ல் பக்லி, எட்சன் என்ற இருவர், நாய்க்கும் பூனைக்கும் இருக்கும் ஒரு புழு மலாயிப் புழு அல்ல, அதன் உடன்பிறப்புப் போன்ற வேறு இனம் என்று கண்டுபிடித்தார்கள். பகாங் மாநிலத்தின் பெயரை வைத்து அதற்குப் பகாங்கி என்று பெயரிட்டார்கள்.

அதாவது, ஒரே பூனையின் உடம்பில் மனிதனின் புழுவும் இருக்கலாம், பூனைக்கே உரிய புழுவும் இருக்கலாம். பெரிய புழுவை அறுத்துப் பார்த்தால் வேற்றுமை தெரியும். ஆனால் பெரிய புழு நிணநீர்க் குழாய்க்குள் அல்லவா கிடக்கிறது? கையில் கிடைப்பது ஒரு சொட்டு ரத்தத்தில் நெளியும் குஞ்சுதான். இரண்டு புழுக்களின் குஞ்சுகளும் அச்சில் வார்த்தாற்போல் ஒன்றாகவே இருந்தன.

"ரெண்டும் ஒரே மாதிரி இருந்தா இருந்துட்டுப் போகட்டுமே, இதுல என்ன?" என்று கேட்பீர்கள். விஷயம் இங்கேதான் இருக்கிறது. ஒரு லயத்தில் மனிதர் அத்தனை பேருக்கும் மாத்திரை கொடுத்துவிட்டோம் என்று வையுங்கள். பூனையிடம் இருப்பது மலாயிப் புழு என்றால், நோய் பூனைக்குள் பதுங்கியிருந்து கொசு வழியாகத் திரும்பி வரும். மாத்திரைச் செலவெல்லாம் வீண். பூனையிடம் இருப்பது பகாங்கி என்றால் அந்தக் கணக்கே வேறு. வீட்டுப் பூனையைச் சாக்கில் கட்டுவதா வேண்டாமா என்பது அந்தக் குஞ்சின் இனத்தைப் பொறுத்தது.

முதலில் அளவுகோலை வைத்துப் பார்த்தார்கள். குஞ்சின் உடம்புக்குள் சாயம் ஏற்றினால் தெரியும் ஓர் உள்ளுறுப்பு, பகாங்கியில் நீளமாகவும் மலாயியில் குட்டையாகவும் இருக்கிறது என்று 1966ல் சிவானந்தம், பிரெடரிக்ஸ் என்ற இருவர் மலாயா மருத்துவ இதழில் எழுதினார்கள். வெள்ளைக்காரப் பெயர்களாக வந்துகொண்டிருந்த இடத்தில் சிவானந்தம் என்ற பெயரைப் பார்த்ததும் எனக்குள் ஒரு பூரிப்பு. அதே காலத்தில் டாக்டர் சி.பி. ராமச்சந்திரனும் இந்தத் துறையில் இருந்தார். கோலாலம்பூருக்கு அருகில் வாழும் பூர்வகுடி மக்களிடமும் மலாய்க்காரர்களிடமும் இந்த நோய் எப்படி இருக்கிறது என்று 1964ல் சக ஆய்வாளர்களோடு எழுதினார். பிற்காலத்தில் உலக சுகாதார நிறுவனத்தில் இந்த நோயின் ஆராய்ச்சிப் பணிக்கே சென்றார்.

ஆனால் அளவு பார்ப்பது கண்ணுக்கு வேதனையான வேலை. ஒவ்வொரு குஞ்சாக அளக்க வேண்டும். ஒரே பார்வையில் சொல்லிவிட ஒரு வழி வேண்டியிருந்தது. அந்த வழியைக் கொடுத்தது நொதி.

நொதி என்றால் என்ன? ஆட்டுக்கறி முற்றலாக இருந்தால் வீட்டில் என்ன செய்வீர்கள்? இரண்டு துண்டு பப்பாளிக்காய் போடுவீர்கள். கறி பஞ்சாக வெந்துவிடும். பப்பாளிப் பாலில் இருக்கும் ஒரு பொருள் கறியின் நாரை அறுத்துக் கொடுக்கிறது. அதுதான் நொதி. வேலையை விரைவாக முடித்துக் கொடுத்துவிட்டு, தான் செலவாகாமல் அடுத்த வேலைக்குப் போகும் ஆள் அது. நம் வாயில் ஊறும் எச்சிலிலும் உண்டு. சோற்றை வெகுநேரம் மென்றால் இனிக்கிறதே, அதன் வேலைதான். புழுவுக்கும் நொதிகள் உண்டு. அது தின்பதும் செரிப்பதும் கழிப்பதும் அவற்றால்தான்.

இனி ஒரு தோட்டத்து உவமை சொல்கிறேன். இரண்டு தோட்டத்தில் பால் வெட்டும் கத்தி இரண்டு மாதிரி இருக்கும். ஒன்றின் வளைவு கூட, ஒன்றின் பிடி நீளம். இரண்டும் பட்டையைச் சீவத்தான் செய்கின்றன. ஆனால் கத்தியைப் பார்த்தே "இது எந்தத் தோட்டத்துக் கத்தி" என்று பழைய தண்டல் சொல்லிவிடுவார். அது போல ஒரே வேலையைச் செய்யும் நொதி, இனத்துக்கு இனம் சிறு மாற்றத்தோடு இருக்கும். சில சமயம் நொதி ஒன்றாகவே இருக்கும், உடம்பில் அது இருக்கும் இடம் மாறியிருக்கும். உருவம் ஏமாற்றினாலும் நொதி காட்டிக் கொடுத்துவிடும்.

நொதியின் சிறு மாற்றத்தைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்று, கஞ்சியிலிருந்து வந்தது என்றால் நம்புவீர்களா? ஆலிவர் ஸ்மித்திஸ் என்பவர் கனடாவின் டொரொன்டோவில் வேலை பார்த்தார். சிறுவயதில் அவருடைய தாயார் அப்பாவின் சட்டைகளுக்குக் கஞ்சி போடுவதைப் பார்த்திருக்கிறார். கஞ்சி ஆறினால் பாகுபோல் உறையும் அல்லவா? அந்த நினைவு வந்து, உருளைக்கிழங்கு மாவைக் காய்ச்சி உறைய வைத்து, அதற்குள் புரதங்களை மின்சாரத்தால் ஓட விட்டார். 1955ல் அதை வெளியிட்டார். சற்றே மாறுபட்ட புரதம் சற்று முன்னேயோ பின்னேயோ போய் நிற்கும். பிறகு சாயம் போட்டால் கோடு கோடாகத் தெரியும். நொதியும் ஒரு புரதமே. இந்த முறையால்தான், கடல் மீனில் இருக்கும் ஓர் உருண்டைப் புழுவை ஒரே இனம் என்று எண்ணியிருந்தவர்கள் அது ஒன்றல்ல, வெவ்வேறு இனங்கள் என்று 1980களில் கண்டார்கள். ஸ்மித்திஸ் வேறு ஓர் ஆராய்ச்சிக்காக 2007ல் நோபெல் பரிசு பெற்றார். கஞ்சி போட்ட அந்தத் தாயாருக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்பேன்.

நம் புழுக் குஞ்சுக்குக் கஞ்சிப் பாகுகூடத் தேவைப்படவில்லை. அதைவிட எளிய வழி கிடைத்தது. ஆசிட் பாஸ்பட்டேஸ் என்று ஒரு நொதி உண்டு. பெயர் வாயில் நுழையாவிட்டால் விட்டுவிடுங்கள். அது வேலை செய்யும் இடத்தில் சிவப்பு நிறம் படியும்படி ஒரு சாயக் கலவை செய்யலாம். ரத்தம் தடவிய கண்ணாடியை அந்தக் கலவையில் போட்டு, நம் உடம்புச் சூட்டளவு வெதுவெதுப்பில் வைக்க வேண்டும். பிறகு எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டியதுதான்.

ரெடிங்டன் முதலிய ஆய்வாளர்கள் 1975ல் இந்தச் சாயத்தை இரண்டு புழுக்களின் குஞ்சுகளுக்கும் போட்டுப் பார்த்தார்கள். மலாயிக் குஞ்சில், தலைப் பக்கம், கழிவு வெளியேறும் துளைகள், வால் நுனி என்று சில இடங்களில் மட்டும் பொட்டு வைத்தாற்போல் சிவந்தது. பகாங்கிக் குஞ்சோ தலை முதல் வால் வரை, குங்குமத்தில் புரண்டு எழுந்தது போல் முழுக்கச் சிவந்தது. அளக்க வேண்டியதில்லை, எண்ண வேண்டியதில்லை. ஒரே பார்வை போதும்.

நம் நாட்டில் யென், மாக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்த முறையை இன்னும் விரித்தார்கள். எலி, குரங்கு, மனிதன் ஆகியோரின் ரத்தத்தில் காணும் பலவகைக் குஞ்சுகளுக்கும் இந்தச் சாயத்தைப் போட்டு, எது எப்படிச் சிவக்கிறது என்று 1978ல் பதிவு செய்தார்கள். அதன்பின் ஒரு பூனையின் ரத்தச் சொட்டைப் பார்த்து "இது மனிதனுக்கும் வரும் புழு", "இது பூனையின் சொந்தப் புழு" என்று சொல்ல முடிந்தது. எங்கள் லயத்துப் பூனைகள் ஆற்றைக் கடந்து போய் அப்போது பத்தாண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

கதை இதோடு முடிந்திருந்தால் வாசகிக்கு நான் "பூனையிடம் இருப்பது பகாங்கி என்றால் பயப்படாதீர்கள்" என்று எழுதியிருப்பேன். பகாங்கி விலங்கின் புழு, மனிதனை அண்டாது என்றுதான் பெரும்பாலும் எண்ணியிருந்தார்கள். ஆனாலும் சந்தேகத்தின் நிழல் முன்பே இருந்தது. இரண்டு புழுக்களையும் மனிதருக்கு ஏற்றிப் பார்த்த சோதனையைப் பற்றி எட்சன் குழுவினர் 1960லேயே எழுதியிருக்கிறார்கள். 1985ல் இந்தோனேசியாவின் தென் கலிமந்தானில், மனிதருக்கு இயற்கையாகவே பகாங்கி தொற்றியிருக்கலாம் என்று ஒரு குழு சான்று காட்டியது.

அடுத்த செய்தி நம் வாசலிலிருந்தே வந்தது. 2003க்கும் 2006க்கும் இடையில் ஐந்து நோயாளிகள், நிணநீர்ப் புழு நோயின் அறிகுறிகளோடு மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு அனுப்பப்பட்டார்கள். ஐந்து பேரும் பெட்டாலிங் ஜெயாவில் குடியிருப்பவர்கள். சதுப்புக் காடு இல்லை, லயம் இல்லை, கோலாலம்பூரிலிருந்து பத்து கிலோமீட்டரில் இருக்கும் பட்டணம்! இரவில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஒரு குஞ்சும் கிடைக்கவில்லை. குஞ்சே இல்லை என்றால் சிவப்புச் சாயத்தை எதற்குப் போடுவது? ஆனால் நொதிச் சாயத்தின் காலத்துக்குப் பிறகு இன்னும் கூரிய கருவி வந்துவிட்டது. நொதியை எப்படிச் செய்வது என்ற குறிப்பே மரபணுவில்தானே எழுதியிருக்கிறது? அந்த எழுத்தையே படிக்கும் சோதனை அது. அப்படிப் படித்தபோது, இருவருடைய ரத்தத்தில் இருந்தது புருகியா பகாங்கி என்று தெரிந்தது. 2011ல் இது வெளியானது.

பூனையின் புழு மனிதனிடமும் வந்துவிட்டது. ஐந்து பேருக்கும் மருந்து கொடுத்து நோய் தீர்ந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவர்களில் நால்வருக்குக் கொடுத்தது டாக்ஸிசைக்ளின் என்ற மருந்து. அது பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து ஆயிற்றே, புழுவுக்கு எதற்கு என்று வியப்பாக இருக்கும். இந்தப் புழுவின் உடம்புக்குள் ஒரு பாக்டீரியா குடியிருக்கிறது. அது செத்தால் புழுவும் தளர்ந்துபோகும். புழுவுக்குள்ளும் ஒரு குடித்தனம்!

எந்தக் கொசு இதைக் கொண்டு வந்தது? 2013ல் அதற்கும் விடை வந்தது. ஆர்மிஜெரஸ் என்ற கொசு. மாலை மங்கும் நேரத்தில், வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது சுரீர் என்று கடிக்குமே, கறுப்பாய்ப் பெரிதாய், மூக்கு கீழ்நோக்கி வளைந்த கொசு, அதுதான். மனிதனைத் தொற்றும் பருவத்துக் குஞ்சுகள் அதன் உடம்பில் இருந்தன. இது வளர்வது அழுக்குத் தண்ணீரில். மலக்குழித் தொட்டியில் மூடி உடைந்திருந்தால் போதும். உரித்துப் போட்ட தேங்காய் மட்டையில் தேங்கும் நீரும் அதற்கு வசதிதான். நான் இருக்கும் பிரிக்பீல்ட்ஸில், வாழையிலைக் கடைகளுக்குப் பின்னால் உள்ள சந்துகளில் பூனைக்கும் பஞ்சமில்லை, இந்தக் கொசுவுக்கும் பஞ்சமில்லை. மாலையில் அந்தப் பக்கம் போனால் நானும் காலைத் தட்டிக்கொண்டேதான் நடக்கிறேன்.

ஆகவே சகோதரிக்குப் பதில் இதுதான். உங்கள் மாமியார் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. அவரைக் கேலி செய்யாதீர்கள். டிரெஸ்ஸர் சொன்னதும் பொய் அல்ல. ஆனால் பூனையைத் தொடுவதாலோ, மடியில் வைத்துக்கொள்வதாலோ, அது நக்குவதாலோ இந்த நோய் வராது. நடுவில் கொசு இல்லாமல் புழுவால் ஓர் அடி எடுத்து வைக்க முடியாது. குட்டியைக் கொண்டு போய் விட்டாலும் உங்கள் சந்தில் வேறு பத்துப் பூனை இருக்கும், கொசு அதைக் கடித்துவிட்டு உங்கள் வீட்டுக்கே வரும். வீட்டுக்குப் பின்னால் உள்ள மலக்குழி மூடியைப் பாருங்கள். தென்னை மட்டை, பழைய டயர், பூந்தொட்டித் தட்டு எதிலும் நீர் நிற்க விடாதீர்கள். ஆறரை மணிக்குக் கதவைச் சாத்துங்கள். குட்டியை ஒரு முறை விலங்கு மருத்துவரிடம் காட்டுங்கள். புழு இருக்கும் பூனை பெரும்பாலும் நோயாளி போலத் தெரியாது. ஆகையால் ரத்தம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

இப்போது அந்த ஓரத்து வரிகளுக்கு வருகிறேன். "மாமிக்கும் ஒரு வருஷமாக வலது கணுக்கால் வீங்குகிறது. இடையிடையே காய்ச்சல் வருகிறது. டாக்டரிடம் போக வெட்கப்படுகிறார். தைலம் தேய்க்கிறோம்" என்று எழுதியிருந்தீர்கள். அம்மா, பூனையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிவிட்டு இதை ஓரத்தில் எழுதலாமா?

கால் வீங்குவது எல்லாம் யானைக்கால் அல்ல. இருதயம், சிறுநீரகம், ரத்தக்குழாய் என்று பல காரணம் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் பார்க்க வேண்டியதுதான். இந்த வாரமே கிளினிக் கெசிஹத்தானுக்கு அழைத்துப் போங்கள். எந்தத் தோட்டத்தில், எத்தனை ஆண்டு, சதுப்புப் பக்கமா என்பதையும், இப்போது வீட்டைச் சுற்றிப் பூனையும் கொசுவும் இருப்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். இரவு ரத்தத்தில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டால் அதோடு திரும்பிவிடாதீர்கள். பெட்டாலிங் ஜெயா நோயாளிகளுக்கும் இரவு ரத்தத்தில் ஒன்றும் இல்லை. வேறு சோதனை உண்டா என்று கேளுங்கள். தெரிந்தவர் கொடுத்தார் என்று பழைய புழு மாத்திரை எதையும் நீங்களாகக் கொடுக்க வேண்டாம்.

அதுவரை ஒன்று செய்யலாம். தைலத்தை நிறுத்திவிட்டு, தினமும் ஒரு வேளை அந்தக் காலைச் சவுக்காரம் போட்டு நல்ல நீரில் கழுவி, விரல் இடுக்கெல்லாம் துணியால் ஒற்றி ஈரமில்லாமல் துடையுங்கள். வெடிப்பு, புண் இருந்தால் அதன் வழியாகத்தான் கிருமி உள்ளே போய்க் காய்ச்சல் வருகிறது. வீட்டுக்குள்ளும் சிலிப்பர் போடச் சொல்லுங்கள். உட்காரும்போதும் படுக்கும்போதும் காலைத் தலையணை மேல் தூக்கி வையுங்கள். புழு நோயாகவே இருந்தாலும், இப்படிக் கழுவி வந்தால் காய்ச்சல் வருவது குறையும், வீக்கம் கூடுவதும் தடைப்படும். என் அத்தைக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. அறுபது வயதில் அவர் நடக்க முடியாமல் ஆனபோது, மரம் வெட்டப் போகும் பழக்கத்தில் விடியற்காலை நாலு மணிக்கே எழுந்து, திண்ணையில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

மாமியார் மறுத்தால் உங்கள் மகளையே விட்டுக் கூப்பிடச் சொல்லுங்கள். குட்டியை டாக்டரிடம் கொண்டு போகும் அன்றே பாட்டியையும் கொண்டு போகலாம். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள். இந்த முறை ஓரத்தில் எழுதாமல், கடிதத்தின் தொடக்கத்திலேயே எழுதுங்கள்.